இங்கிலாந்தின் புதைமேடுகள்: முதல்முறை தேடிப் போகிறவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பார்க்கப் போகும் முதல் புதைமேடு பெரும்பாலும் ஏமாற்றம்தான் தரும். ரயில் பிடித்து, பஸ் மாறி, சேற்றில் மூன்று கிலோமீட்டர் நடந்து போனால் அங்கே புல் மூடிய ஒரு வீக்கம், மேலே நாலு ஆடு, பக்கத்தில் முள்கம்பி வேலி. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்புறம் மெல்ல மெல்லக் கண் பழகியது, இப்போது தென் இங்கிலாந்தில் ரயிலில் போகும்போது ஜன்னல் பக்கம் இடம் கிடைக்காவிட்டால் எரிச்சல் வருகிற அளவுக்கு ஆகிவிட்டது. படிக்கவோ வேலைக்கோ இங்கே வந்து, வார இறுதியில் கடைத்தெருவே கதி என்று அலுத்துப் போனவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தொல்லியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. நல்ல காலணி வேண்டும், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

1. இரண்டு உருவங்களை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

ஆங்கிலத்தில் பாரோ என்று சொல்கிறார்கள், வரைபடத்தில் டியூமுலஸ் என்று லத்தீனில் போடுவார்கள், நான் புதைமேடு என்றே சொல்கிறேன். வகைகள் பல இருந்தாலும் ஆரம்பத்தில் இரண்டு போதும்: நீளமானது, வட்டமானது.

நீள்மேடு பழையது. இங்கே விவசாயம் வந்து சில நூறு ஆண்டுகளில், அதாவது புதிய கற்காலத்தின் முற்பகுதியில், சுமார் கி.மு. 3800-க்கும் 3400-க்கும் இடையில் கட்டியவை. ஒரு முனை உயர்ந்து அகலமாக இருக்கும், மறுமுனை தாழ்ந்து குறுகிப் போகும்; உயர்ந்த முனை பெரும்பாலும் கிழக்குப் பக்கம். சிலவற்றின் உள்ளே பெருங்கல் அறைகள் உண்டு, சிலவற்றில் மரமும் மண்ணும் மட்டும்தான். இங்கிலாந்து முழுக்க எண்ணினாலும் ஏறக்குறைய 500தான் தேறும்.

வட்டமேடு அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிந்தியது. பெரும்பாலானவை கி.மு. 2400 முதல் 1500 வரைக்குள், வெண்கலக் காலத்தைச் சேர்ந்தவை. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது போன்ற சாதாரண வகை மட்டுமே 10,000-க்கு மேல் இன்றும் இருக்கிறது. இது போக அபூர்வ வகைகள் சில. மேட்டுக்கும் அகழிக்கும் நடுவில் தட்டையாக ஒரு திட்டு விட்டிருந்தால் அது மணி வகை. பெரிய வட்ட அகழிக்குள் நடுவில் பொட்டு வைத்த மாதிரி ஒரு குட்டி மேடு மட்டும் இருந்தால் தட்டு வகை, இந்த இரண்டும் தலா 250 போலத்தான். சாசர் மாதிரி தாழ்ந்து பரந்தது 60 போல. மேடே இல்லாமல் குளம் மாதிரி குழிந்து கிடக்கும் ஒரு வகைகூட உண்டு, அதை ஏன் மேட்டுக் கணக்கில் சேர்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை சிரிப்புதான். இந்தப் பெயர்களை இப்போதே மனப்பாடம் செய்ய வேண்டாம், ஸ்டோன்ஹெஞ்ச் பக்கம் போகும்போது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

வட்டமானதெல்லாம் வெண்கலக் காலம் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். யார்க்‌ஷரில் டக்கிள்பி ஹவ் என்று ஒன்று, ஆறு மீட்டர் உயரம், கச்சிதமான வட்டம், ஆனால் புதிய கற்காலம். 1890-இல் அதைத் தோண்டிய மார்ட்டிமர் என்பவர், டிரிஃபீல்ட் ஊரில் தானிய வியாபாரம் பார்த்தவர்.

2. வரைபடம் வாங்குங்கள், அதில் எழுத்தைப் பாருங்கள்

ஃபோன் வரைபடத்தை நம்பிப் போகாதீர்கள். பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசை, ஆரஞ்சு அட்டை, 1:25,000 அளவு. அதில் வயல் எல்லைகள்கூடத் தெரியும். மேடு வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் இந்த வேலையில் பாதிப் பிரச்சினை என்பதால் அது முக்கியம். நாம் முதலில் போகப் போகும் ஏவ்பரிக்குத் தாள் எண் 157, ஸ்டோன்ஹெஞ்சுக்கு 130. ஃபோனில் அதே நிறுவனத்தின் செயலியும் உண்டு, ஆனால் பள்ளத்தாக்கில் சிக்னல் போகும், காகிதம் போகாது.

வரைபடத்தை விரித்ததும் பழைய தேவாலயப் புத்தக எழுத்து மாதிரி கோணல்மாணலான ஒரு எழுத்துருவைத் தேடுங்கள். ரோமானியர் காலம் தவிர்த்த தொல்பொருள் இடங்களை அந்த எழுத்தில்தான் அச்சிடுவார்கள். அதில் டியூமுலஸ், அதன் பன்மை டியூமுலை, லாங் பாரோ (நீள்மேடு), கெய்ர்ன் (கற்குவியல்) என்று தேடினால் போதும். ஸ்டோன்ஹெஞ்ச் இருக்கும் சாலிஸ்பரி சமவெளித் தாளில் இது எறும்பு மொய்த்த மாதிரி இருக்கும். இந்த ஒழுங்குக்கு முக்கியக் காரணம் க்ராஃபர்ட் என்பவர், 1920-இல் அந்த நிறுவனத்தின் முதல் தொல்லியல் அதிகாரியாகச் சேர்ந்தவர்.

ஊர்ப்பெயரும் துப்புக் கொடுக்கும். டெர்பிஷரில் "லோ" என்று முடியும் பெயர்கள் நிறைய. ஆங்கிலத்தில் லோ என்றால் தாழ்வு, ஆனால் மின்னிங்லோ மாதிரி இடங்கள் மலை உச்சியில் இருக்கும். மேட்டைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்று தேய்ந்து லோ ஆகிவிட்டது, அவ்வளவுதான். யார்க்‌ஷர் பக்கம் அதே வேலையை ஹவ் செய்கிறது, அது வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது. குளூஸ்டர்ஷரில் டம்ப். அங்கே ஊலி ஊருக்குப் பக்கத்தில் ஹெட்டி பெக்ளர்ஸ் டம்ப் என்று ஒரு நீள்மேடு, 17-ஆம் நூற்றாண்டில் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரியாக இருந்த ஓர் அம்மாளின் பெயர். ஐயாயிரம் வருஷத்துக்கு மேல் பழைய கல்லறைக்கு நானூறு வருஷத்துக்கு முந்தைய பட்டா பெயர்!

3. ஒரு மாலை கணினி முன்

போவதற்கு முந்தின நாள் இரண்டு விஷயம் பாருங்கள். பழைய சின்னங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்லண்ட் என்ற அமைப்பின் தளத்தில் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலை வரைபடமாகத் தேடலாம், ஒவ்வொரு மேட்டுக்கும் அளவு, யார் எப்போது தோண்டினார்கள், என்ன கிடைத்தது என்று ஒரு குறிப்பு இருக்கும். நடை வறண்டதுதான், ஆனால் தங்கச் சுரங்கம். இன்னொன்று லைடார். விமானத்திலிருந்து லேசர் அடித்து எடுத்த தரை உருவம், மரம் புல் எல்லாம் உரித்துவிட்ட மாதிரி நிலம் மட்டும் தெரியும். சுற்றுச்சூழல் முகமை இங்கிலாந்துக்கான தரவை இலவசமாகவே தருகிறது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடப் பக்கத்தில் பழைய வரைபடத்தையும் லைடாரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வயலில் கண்ணுக்கே தெரியாத அளவு உழுது தேய்ந்த மேடு அதில் கட்டைவிரல் ரேகை மாதிரி பளிச்சென்று தெரியும். இரவு இரண்டு மணி ஆகிவிடும், ஜாக்கிரதை.

4. எப்போது போவது

கோடையில் போகாதீர்கள். எல்லோரும் கோடையில்தான் போகிறார்கள், புல் இடுப்பளவு நிற்கும், சூரியன் தலைக்கு மேலே நின்று நிழலே விழாது, மேடு இருக்கும் இடமே தெரியாது. பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் சரி. புல் தாழ்ந்திருக்கும், சூரியன் நாள் முழுக்கச் சாய்ந்தே போகும். அதிலும் காலை எட்டரை ஒன்பது மணி, இல்லாவிட்டால் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது. அரை மீட்டர் உயரம்கூட இல்லாத மேடு அந்த வெளிச்சத்தில் நீளமாக நிழல் போட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். லேசான பனி தூவியிருந்தால் இன்னும் பிரமாதம்.

கோடைக்கு ஒரே ஒரு விதிவிலக்கு, கடும் வறட்சி. 2018 கோடையில் பயிர் வாடியபோது, மண் நிறைந்த பழைய அகழிகளுக்கு மேலே மட்டும் ஈரம் நின்று பயிர் பச்சையாக இருக்க, உழுது அழிந்துபோன மேடுகளின் அகழிகள் மஞ்சள் வயலில் பச்சை வளையமாகத் தெரிந்தன. ஆனால் அது மேலிருந்து பார்ப்பவர்களுக்கு.

காலில் பூட்ஸ், நெட்டில் என்று நம் காஞ்சொறி மாதிரி ஒரு செடி மேடெங்கும் இருக்கும் என்பதால் முழுக்கால் சட்டை, ஒரு டார்ச். சாப்பாடு கையில் எடுத்துப் போங்கள், புளிசாதம் நன்றாகத் தாங்கும்.

5. முதல் பயணம் ஏவ்பரிதான்

வேறு எங்கும் ஆரம்பிக்க வேண்டாம். லண்டன் பாடிங்டனிலிருந்து ஸ்விண்டனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம் போல, அங்கிருந்து டிவைசஸ் போகும் 49-ஆம் எண் பஸ், ஏவ்பரியில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை பஸ் எப்படி ஓடுகிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஊரைச் சுற்றியிருக்கும் கல்வட்டத்தைப் பார்த்துவிட்டு, தெற்கே ஓடை ஓரமாகப் போகும் பாதையைப் பிடியுங்கள்.

வலது பக்கம் முதலில் தெரிவது சில்பரி மலை, 30 மீட்டருக்கு மேல் உயரம், மனிதர்கள் குவித்தது, கி.மு. 2400 வாக்கில். இதைப் பார்த்ததும் அடேயப்பா எவ்வளவு பெரிய ராஜா உள்ளே இருப்பான் என்று தோன்றும். 1776-இல் மேலிருந்து குடைந்தார்கள், 1849-இல் பக்கவாட்டில் குடைந்தார்கள், 1968-இல் தொலைக்காட்சிக் காமிராவோடு குடைந்தார்கள், உள்ளே புதைத்த ஆள் ஒருவர்கூட இல்லை. அது கல்லறை என்று காட்ட எந்தச் சான்றும் இல்லை. இவர்கள் குடைந்த பள்ளங்களால் 2000-இல் உச்சியில் பெரிய ஓட்டை விழுந்து, 2007-இல் உள்ளே போய் அடைக்க வேண்டியதாயிற்று. மேலே ஏற அனுமதி இல்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு நகருங்கள், ஆனால் மனதில் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்: மேடு என்றாலே புதைமேடு என்று அர்த்தமில்லை.

பிறகு ஏ4 சாலையைக் கவனமாகக் கடந்து, கென்னட் ஆற்றின் சிறு பாலத்தைத் தாண்டி மேலே ஏறினால் வெஸ்ட் கென்னட் நீள்மேடு. ஏறக்குறைய 100 மீட்டர் நீளம். கட்டணம் இல்லை, வாட்ச்மேன் இல்லை, எந்த நேரமும் திறந்தே கிடக்கும். உடனே வாசலுக்கு ஓடாதீர்கள், அதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. முதலில் மேட்டின் நீளத்துக்குப் பக்கவாட்டில் கடைசி வரை நடந்து போய்த் திரும்புங்கள். அந்த நடையில்தான் தெரியும், கல் அறைகள் இருப்பது கிழக்கு ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான், மீதி முழுக்கக் கல்லும் சுண்ணாம்பும் கொட்டிய வெறும் குவியல். பத்தில் ஒரு பங்கு வீடு, ஒன்பது பங்கு வால். இறந்தவர்களை வைக்க மட்டும் கட்டியது என்றால் இவ்வளவு வால் எதற்கு? இந்தக் கேள்வியோடு உள்ளே போங்கள்.

வாசலை மறைத்து நிற்கும் பெருங்கற்களுக்குப் பின்னால் நுழைந்தால் ஒரு சிறு நடை, இரு பக்கமும் இரண்டிரண்டு அறைகள், கடைசியில் ஒன்று, மொத்தம் ஐந்து. நிமிர்ந்து நிற்கலாம். டார்ச்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள், கண் பழகட்டும். கி.மு. 3650 வாக்கில் இங்கே 36 பேர் போல வைக்கப்பட்டார்கள், ஆண் பெண் குழந்தை எல்லாம் சேர்த்து. நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகப் பயன்பட்ட இடம் என்றுதான் முன்பு நினைத்திருந்தார்கள். கார்பன் காலக்கணிப்பை நுணுக்கமாகச் செய்து பார்த்தபோது எல்லா உடல்களும் ஒரு தலைமுறைக்குள் வைக்கப்பட்டவை என்று தெரிந்தது. அதன்பின் யாரையும் வைக்கவில்லை, ஆனால் இடத்தை மறக்கவும் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேல் அறைகளுக்குள் மண்ணும் பானையோடுகளும் சேர்ந்துகொண்டே போய், கடைசியில் வாசலில் அந்தப் பெருங்கற்களை நிறுத்தி மூடினார்கள். நீங்கள் இப்போது நிற்பது 1955-56-இல் பிகட், அட்கின்சன் என்ற தொல்லியலாளர்கள் தோண்டிய பிறகு சீரமைத்த அறை. கூரையில் கண்ணாடி தெரிந்தால் கற்காலத்துக்காரன் வைத்தது என்று குழம்ப வேண்டாம்.

உள்ளே பூ, இறகு, மெழுகுவர்த்தி வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பூவைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. மெழுகுவர்த்தி மட்டும் வேண்டாம், கரி படிந்தால் கல்லிலிருந்து எடுக்க முடியாது.

யார் யாரோடு உறவு என்று கேட்பீர்கள். வெஸ்ட் கென்னட்டுக்குச் சொல்ல முடியாவிட்டாலும் அதே காலத்து இன்னொரு மேட்டுக்குச் சொல்லலாம். குளூஸ்டர்ஷரில் ஹேசல்டன் நார்த் என்ற நீள்மேடு. 1979 முதல் 1982 வரை முழுக்கத் தோண்டி எடுத்தார்கள், இன்று அங்கே மேடு கிடையாது. அந்த எலும்புகளின் டிஎன்ஏவை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். சோதித்த 35 பேரில் 27 பேர் ஐந்து தலைமுறையாக ஒரே குடும்பம், ஒரு ஆணும் அவனோடு பிள்ளை பெற்ற நான்கு பெண்களும் ஆணிவேர். அந்த நான்கு பெண்களில் எந்தப் பெண்ணின் கிளை என்பதை வைத்து எந்த அறையில் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். பங்காளி வகையறா, மூத்தாள் பிள்ளை இளையாள் பிள்ளை கணக்கெல்லாம் ஐயாயிரத்து எழுநூறு வருஷமாக இருக்கிறது!

வெளியே வந்து தென்கிழக்கே பாருங்கள், மரம் மூடிய நீண்ட மேடு ஒன்று தெரியும். ஈஸ்ட் கென்னட், இதைவிடப் பெரியது, முறையாகத் தோண்டப்படவே இல்லை. தனியார் நிலம், இங்கிருந்தே கும்பிடு போட்டுக்கொள்ளலாம். கால் வலிக்காவிட்டால் கிழக்கே ஓவர்டன் ஹில் வரை நடந்து, ரிட்ஜ்வே பாதை தொடங்கும் இடத்தில் வட்டமேடுகளையும் பார்த்துவிட்டால், ஒரே நாளில் இரண்டு உருவமும் கண்ணில் ஏறிவிடும்.

6. இரண்டாவது பயணம், ஸ்டோன்ஹெஞ்சுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு

டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. கற்களைச் சுற்றியிருக்கும் புல்வெளியில் பெரும்பகுதி நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளையின் நிலம், நடக்கலாம். எல்லோரும் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்க நீங்கள் தொடுவானத்தைப் பாருங்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் மேடு.

கிழக்கே கிங் பாரோ ரிட்ஜ். பீச் (beech) மரங்கள் நிற்கும் பெரிய பெரிய மேடுகள். இருநூறு வருஷத்துக்கு முன்பு இந்தப் பக்கம் நானூறுக்கு மேல் மேடுகளைத் திறந்த கோல்ட் ஹோர், கன்னிங்டன் ஜோடி இவற்றைத் தொடவில்லை, மரத்துக்காகத் தப்பித்தன. அப்புறம் 1980களின் கடைசியிலும் 1990-இலும் அடித்த புயல்களில் அந்த மரங்களே வேரோடு சாய்ந்து உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டிவிட்டன: வெட்டி அடுக்கிய புல்தரைத் துண்டுகள். அதாவது ஒரு மேட்டுக்காக அவ்வளவு மேய்ச்சல் நிலத்தைத் தோலுரித்திருக்கிறார்கள். ஆடுமாட்டை நம்பி வாழ்ந்தவர்களுக்கு அது விளையாட்டுச் செலவில்லை.

மேற்கே ஏ303 சாலையில் லாங்பாரோ என்றே பெயர் வைத்த ரவுண்டபவுட். தினமும் பல்லாயிரம் கார்கள் அந்தப் பெயர்ப்பலகையைத் திட்டிக்கொண்டே கடக்கின்றன. அதற்கு வடகிழக்கே வின்டர்பர்ன் ஸ்டோக் மேட்டுக்கூட்டம். ஒரு நீள்மேடு, அதன் முதுகெலும்பை நீட்டினால் எந்தத் திசையில் போகுமோ அந்தத் திசையில் வரிசையாக வட்டமேடுகள், ஆயிரத்தைந்நூறு வருஷம் கழித்து வந்தவர்கள் போட்டவை. இடையில் மரபணு அளவில் மக்களே பெரும்பாலும் மாறிவிட்டார்கள், கி.மு. 2500-க்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள்தான் இந்த வட்டமேட்டுக்காரர்கள். வந்தவர்கள் பழைய ஆட்களின் மேட்டைப் பார்த்து அதன் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறார்கள். சொந்தம் கொண்டாடினார்களா, இடத்துக்கு உரிமை கோரினார்களா என்பதை நடந்துகொண்டே நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மணி, தட்டு, சாசர், குளம் என்று முதலில் சொன்ன எல்லா வகையும் இந்த ஓர் இடத்தில் உண்டு.

தெற்கே நார்மன்டன் டவுன், டவுன் என்றால் இங்கே ஊர் இல்லை, புல் மூடிய சுண்ணாம்புக் குன்று. அங்கே புஷ் பாரோ. மேட்டின் மீது போக வழியில்லை, பொதுப்பாதையிலிருந்து பார்க்கலாம். 1808-இல் கன்னிங்டன் அதைத் திறந்தபோது ஓர் ஆணின் எலும்புக்கூடும், மார்பில் சாய்சதுர வடிவத் தங்கத் தகடும், கத்திகளும் கிடைத்தன. ஒரு கத்தியின் பிடியில் தலைமுடி கனத்துக்குத் தங்க ஆணிகள், மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல் என்று கணக்கு. அத்தனையும் டிவைசஸ் ஊரின் வில்ட்ஷர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏவ்பரிக்குப் போன அதே 49-ஆம் பஸ்ஸில் போகலாம், மழை நாளுக்கு ஒதுக்கி வையுங்கள். மேட்டைப் பார்த்த பிறகு போனால்தான் அந்தத் தகடு பேசும்.

7. மேட்டின் முன் நின்றுகொண்டு என்ன செய்வது

தூரத்தில் நின்று பாருங்கள், முதலில். நூறு மீட்டர் தள்ளி, முடிந்தால் பள்ளத்திலிருந்து. நிறைய மேடுகள் மலையின் நிஜ உச்சியில் இருக்காது, கொஞ்சம் கீழே, சரிவு வளையும் இடத்தில் இருக்கும். மேலே நிற்பவனுக்கு ஏன் இங்கே கட்டினான் என்று புரியாது, கீழே ஆற்றோரத்திலிருந்து பார்த்தால்தான் அது தொடுவானத்தில் பொத்தான் வைத்த மாதிரி நிற்கும். யார் பார்க்க வேண்டும் என்று கட்டினார்களோ அவர்கள் நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் முழு ருசியும் எனக்கு. இன்னொன்று, புதிதாகக் கட்டியபோது இது பச்சை இல்லை. சுண்ணாம்பு நிலத்தில் மேல் பூச்சாகத் தோண்டிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லைப் போட்டிருந்தால், வெயிலில் கண் கூசும் வெள்ளை.

பிறகு கிட்டப் போய்ச் சுற்றி வாருங்கள். அகழி தெரிகிறதா? காலுக்குக் கீழே லேசான இறக்கம், புல்லின் நிறத்தில் மாற்றம். ஏன் இவ்வளவு ஆழமில்லாமல் இருக்கிறது என்று கேட்டால் அதற்கு ஒரு பரிசோதனையே நடக்கிறது: 1960-இல் ஓவர்டன் டவுனில் புதிதாக ஒரு மேட்டையும் அகழியையும் கட்டி, 128 வருஷம் வரை குறிப்பிட்ட இடைவெளிகளில் வெட்டிப் பார்ப்பது என்று திட்டம் போட்டார்கள். முதல் சில வருஷங்களிலேயே அகழிச் சுவர் இடிந்து வேகமாக நிரம்பிவிட்டது, அப்புறம்தான் நிதானமானது.

உச்சியைப் பாருங்கள். நடுவில் குழி இருந்தால் 18, 19-ஆம் நூற்றாண்டுக் கனவான்கள் வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். பாதி மேடுகளுக்கு இந்தத் தொப்புள் உண்டு.

8. ஏமாறும் இடங்கள்

நான் ஒருமுறை அருமையான மணி வகை மேடு என்று அரை மணி நேரம் படம் எடுத்த ஒன்று, மண் மூடிய குடிநீர்த் தொட்டி. மறுபக்கம் போனபோது இரும்புக் கதவு இருந்தது. அதனால் சுற்றி வாருங்கள் என்கிறேன்.

காற்றாலை நின்ற மேடு வட்டமேடு மாதிரியே இருக்கும். முயல் வளர்க்க மத்திய காலத்தில் போட்ட தலையணை மேடு குட்டி நீள்மேடு மாதிரி இருக்கும். நார்மன் கோட்டை மேடு தலை தட்டையாக, செங்குத்தாக இருக்கும். ஆனால் அதிலும் மார்ல்பரோவில் எல்லோரும் கோட்டை மேடு என்று நினைத்திருந்ததைத் துளையிட்டுப் பார்த்தபோது சில்பரியின் காலத்தது என்று தெரியவந்தது, ஆக யாரும் மார்தட்டிக்கொள்ள முடியாது. பார்ட்லோவின் செங்குத்தான மேடுகள் ரோமானியர் காலம். சட்டன் ஹூவின் மேடுகளும் கிரீனிச் பூங்காவின் சின்னச் சின்னத் திட்டுகளும் ரோமானியருக்குப் பின் வந்த ஆங்கிலோ-சாக்சன் காலம். இந்த மூன்றில் வரலாற்றுக்கு முந்தையது எதுவும் இல்லை, ஆனால் பார்க்கத் தகுந்தவை.

லண்டனை விட்டு நகர முடியாதவர்கள் ஷூட்டர்ஸ் ஹில்லில் வீடுகளுக்கு நடுவே வேலி போட்டு வைத்திருக்கும் ஷ்ரூஸ்பரி பாரோவைப் பார்க்கலாம், வெண்கலக் காலம், அந்தக் கூட்டத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தில், ரோமானியரை எதிர்த்துப் போரிட்ட அரசி பூடிக்காவின் சமாதி என்று சொல்லும் மேட்டை 1894-இல் தோண்டினார்கள், அரசி இல்லை, வேறு யாரும்கூட இல்லை.

9. சட்டமும் மரியாதையும்

நிறைய மேடுகள் 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. சேதப்படுத்துவதும், அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டர் கொண்டு தேடுவதும் குற்றம். கல் ஒன்றை நினைவுக்கு எடுத்து வருவதும் வேண்டாம். பேட்ஜர் என்ற வளை தோண்டும் பிராணிக்குப் புதைமேட்டு மண் ரொம்பப் பிடிக்கும், அதற்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, அதை விரட்டவும் முடியாது. சாலிஸ்பரி சமவெளியில் பாரோ க்ளம்ப் என்ற மேட்டில் அவை எலும்புகளை வெளியே இழுத்துப் போட்டதால், காயம்பட்ட ராணுவ வீரர்களைக் கொண்டு முறையாகத் தோண்டி மீட்க வேண்டி வந்தது. வளைக்கு வெளியே எலும்போ பானையோடோ கிடந்தால் தொடாமல் படம் எடுத்து, அந்தக் கவுன்டியின் தொல்லியல் அலுவலருக்கு எழுதுங்கள். மனித எலும்பு என்று சந்தேகம் வந்தால் முதலில் போலீஸ்.

வரைபடத்தில் பச்சைக் கோடு போட்ட பொதுப்பாதையில் தாராளமாகப் போகலாம், அதைவிட்டு இறங்கினால் விவசாயியைக் கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், சில பேர் கூடவே வந்து கதையும் சொல்வார்கள். சமவெளியில் சிவப்புக் கொடி பறந்தால் ராணுவம் சுடுகிறது, திரும்பிவிடுங்கள். கன்றோடு நிற்கும் மாட்டுக்கு நடுவில் போகாதீர்கள்.

10. அப்புறம், ஒரு நோட்டு

இரண்டு பயணம் முடிந்ததும் பேர்பெற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அஃபிங்டன் வெள்ளைக் குதிரைக்குப் பக்கத்தில் வேலண்ட்ஸ் ஸ்மிதி, லாடம் இல்லாத குதிரையையும் ஒரு காசையும் விட்டுவிட்டுப் போனால் காலையில் கண்ணுக்குத் தெரியாத கொல்லன் லாடம் அடித்து வைத்திருப்பான் என்று ஊரார் சொன்ன இடம், பீச் மரங்களுக்கு நடுவே மாலையில் அருமையாக இருக்கும். பாத் பக்கம் ஸ்டோனி லிட்டில்டன், வாசல் கல்லில் கை அகலத்துக்கு மேல் ஓர் அம்மோனைட் சுருள் (பழங்காலக் கடலுயிரின் புதைபடிவம்), குனிந்து தவழ்ந்து போக வேண்டும். டார்செட்டில் ஓக்லி டவுன், ரோமானியர்கள் நேராகச் சாலை போட்டுக்கொண்டு வந்து ஒரு தட்டு வகை மேட்டின் ஓரத்தை அப்படியே வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், நெடுஞ்சாலைக்காரர்கள் எந்தக் காலத்திலும் அப்படித்தான் போலிருக்கிறது.

ஆனால் வரைபடத்தில் பெயரே இல்லாமல் வெறும் டியூமுலஸ் என்று போட்ட ஒன்றையும் தேர்ந்தெடுத்துப் போங்கள், சீக்கிரமே. லெஸ்லி கிரின்செல் என்று ஒருவர், வங்கியில் எழுத்தராக இருந்தவர், விடுமுறை நாட்களில் நடந்தும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் போய் வாழ்நாளில் 10,000-க்கு மேற்பட்ட மேடுகளை நேரில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் அளவும் நிலைமையும் குறித்து வைத்தார். இன்றைய பட்டியல்களில் பலவும் அவர் அடிகளால் அளந்ததில் தொடங்கியவைதான். நமக்கு அவ்வளவு வேண்டாம், தேதி, வரைபடக் கட்ட எண், எவ்வளவு உயரம், யார் உழுகிறார்கள், என்ன தெரிகிறது என்று ஐந்து வரி போதும்.

என் நோட்டின் முதல் பக்கம், பெயரில்லாத ஒரு மேட்டைத் தேடிப் போன நாள்: "ஒரு மணி நேரம் தேடினேன். மேடு தென்படவில்லை. வயலில் ஒரே ஒரு மாடு நின்றது." அடுத்த பிப்ரவரியில் சாயங்கால வெளிச்சத்தில் மறுபடி போனேன். மாடு அதே இடத்தில்தான் நின்றது, அதன் கால் நிழல் மட்டும் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது.